சோற்றில் மறைத்த ஒரு மில்லிமீட்டர்

மார்ச் 3

மதிப்பிற்குரிய சம்பந்தியம்மா அவர்களுக்கு,

மலையில் பிள்ளைகள் வீட்டு வாசலில் நாம் இருவரும் சண்டை போட்டு, ஆளுக்கொரு பஸ் ஏறி இன்றோடு பத்தொன்பது நாள் ஆகிறது. போன் செய்யலாம் என்றால் உங்கள் மருமகள் சட்டம் போட்டிருக்கிறாள். "போன்ல ரெண்டு பேரும் கத்துவீங்கப்பா. அத்தைக்கு எழுதுங்க. எழுதும்போதாவது கொஞ்சம் யோசிப்பீங்க" என்கிறாள். பெற்ற மகள் சொன்னால் தட்ட முடியுமா?

விஷயத்துக்கு வருகிறேன். அன்றைக்கு நீங்கள், "கணக்குப் போடாமல் அந்த வேன் என்ஜினுக்குள் காற்றை ஊதினால் பிஸ்டன் ஓட்டையாகும்" என்றீர்கள். நான், "கம்ப்யூட்டர் கையில கிரீஸ் ஒட்டுமா?" என்று கேட்டேன். ஊர் திரும்பி, பழைய இரும்புக் கடையில் காற்றை ஊதித் தள்ளும் சூப்பர்சார்ஜர் ஒன்று வாங்கினேன். ஏதோ வெளிநாட்டுக் காரிலிருந்து கழற்றியது. பெல்ட் போட்டு என்ஜினோடு சேர்த்து ஓட்டினேன். முதல் நிமிஷம் சிங்கம் மாதிரி உறுமியது. இரண்டாம் நிமிஷம் நடுப் பிஸ்டனில் ஒரு ஓட்டை விழுந்தது. சுண்டுவிரல் போகும். இதை எழுதும்போது என் வீட்டுக்காரி தோளுக்குப் பின்னால் நின்று சிரிக்கிறாள்.

புதுப் பிஸ்டன் போட்டாயிற்று. ஆனால் நிலைமை உங்களுக்கே தெரியும். பிள்ளைகளின் சலவைக் கூடத்திலிருந்து மேல் விடுதிகளுக்குத் துணி மூட்டை ஏற்றிப் போனால், கடைசி இரண்டு வளைவில் வேன் மூச்சு வாங்குகிறது. என் மகள் ஒரு கல்லோடு கீழே குதித்து, வண்டி பின்னால் உருளாமல் சக்கரத்துக்கு அடியில் வைத்து வைத்து ஏற்றுகிறாள். சீசன் ஜூன் ஒன்றாம் தேதி ஆரம்பம். அன்றிலிருந்து தினமும் முழு லோடு வந்தால்தான் வேலை, இல்லையென்றால் வேறு ஆளைப் பார்ப்போம் என்று விடுதிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். வேலை போனால் சலவைக் கூடத்தை மூடிவிட்டு மலையிறங்க வேண்டியதுதான். அதுவரை வாடகை வண்டியை வைத்துச் சமாளிக்கிறார்கள். என்ஜின் என் பட்டறையில் இருக்கிறது.

நீங்கள் கல்லூரியில் வைத்திருக்கும் அந்தக் கணினிக் கணக்கை இதற்குப் போட்டுத் தருவீர்களா? விவரம் இதோ. மூன்று சிலிண்டர், 796 சிசி. கம்ப்ரெஷன் விகிதம் புத்தகப்படி 8.7. கேஜ் வைத்துப் பார்த்ததில் மூன்று சிலிண்டரிலும் அழுத்தம் பதிமூன்றரை கிலோ.

இப்படிக்கு,
ஆழம் தெரியாமல் காலை விட்டவன்


மார்ச் 10

சம்பந்தி அவர்களுக்கு,

பிஸ்டனுக்கு என் ஆழ்ந்த அனுதாபங்கள்.

உதவுகிறேன். ஆனால் முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். என் கணினி ஜோசியக்காரன் இல்லை. சொன்னதை அப்படியே நம்புகிற அப்பாவி குமாஸ்தா. காற்று எந்தக் குழாயில் எவ்வளவு தூரம் வருகிறது, வால்வு எப்போது எவ்வளவு திறக்கிறது, சிலிண்டருக்குள் எவ்வளவு இடம் இருக்கிறது என்றெல்லாம் எழுதிக் கொடுத்தால், என்ஜினை ஓட்டாமலே ஓட்டிக் காட்டும். ஒவ்வொரு டிகிரி சுற்றுக்கும் உள்ளே எவ்வளவு அழுத்தம், எவ்வளவு சூடு என்று கணக்கிடும். பிஸ்டனை அங்கே நூறு தடவை ஓட்டையாக்கலாம், யார் வீட்டுக்காரியும் சிரிக்க மாட்டார்கள். ஒரு ஓட்டத்துக்கு ஆறு மணி நேரம் ஆகும். காலை வகுப்புக்கு முன் தொடங்கினால் மாலை டீக்கு முடிவு கிடைக்கும்.

எனக்கு வேண்டியவை: எல்லாக் குழாய்களின் நீளமும் உள்விட்டமும், பத்து டிகிரிக்கு ஒருமுறை வால்வின் உயரம், சூப்பர்சார்ஜர் ஒரு சுற்றில் தள்ளும் காற்று. உங்கள் கேஜ் பழசு என்று நினைக்கிறேன். 8.7 விகிதத்துக்குப் பன்னிரண்டுதான் வரும், பதிமூன்றரை வர வழியில்லை. அந்த எண்ணைத் தாளில் அடித்துவிட்டேன்.

இன்னொன்று. தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் வீட்டு மாடி அறைக்குப் புதிதாக வெள்ளையடித்திருப்பதாக மருமகள் சொன்னாள். வேன் ஏறாவிட்டால் பிள்ளைகள் எங்கே வந்து குடியேறுவார்கள் என்று நீங்கள் கணக்குப் போட்டுவிட்டீர்களோ? அதற்கு மட்டும் கணினி தேவைப்படவில்லை போலிருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் மாப்பிள்ளையைப் பெற்றவள்


மார்ச் 19

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

வெள்ளையடித்தது உண்மை. அந்தச் சுவரைப் பூஞ்சை பிடித்திருந்தது, அதுவும் உண்மை. ஆனால் உங்கள் கணவர் காலமானதிலிருந்து பூட்டியே கிடந்த இரண்டாவது அறையைத் திறந்து, நீலப் பூப் போட்ட திரைச்சீலை தைத்து மாட்டியது யார்? என் மகளுக்கு நீலம் பிடிக்கும் என்று உங்களுக்கு யார் சொன்னது? அவள் எனக்கும் எல்லாம் சொல்லுவாள்.

அளவுகள் தனித்தாளில் இருக்கின்றன. வால்வு உயரம் எடுக்க மூன்று நாள் ஆயிற்று. நான் என்ஜினைப் பத்துப் பத்து டிகிரியாகத் திருப்ப, என் வீட்டுக்காரி டயலைப் பார்த்துப் படித்தாள். இரண்டாம் நாள், "கண்ணாலம் கட்டி முப்பது வருஷத்துல இன்னிக்குத்தான் நான் சொல்றத எழுதி வச்சுக்கிறீங்க" என்றாள். சூப்பர்சார்ஜரின் காற்றை அளக்க ஒரு பெரிய பிளாஸ்டிக் பையைக் கட்டி, கையால் சுற்றி நிரப்பினேன். தெருவில் போனவர்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

கேஜ் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரியாக இருக்கட்டும். பழசுதான். அதைப் பற்றி மேலே பேச வேண்டாம்.

மாப்பிள்ளை போன வாரம் வந்தார். இளைத்திருக்கிறார். மலையில் தண்ணீர் நன்றாக இருக்கிறது, அதை விட்டு வர மனமில்லை என்றார்.

இப்படிக்கு,
பூஞ்சைக்காரன்


ஏப்ரல் 2

சம்பந்தி அவர்களுக்கு,

திரைச்சீலை தைத்தேன். மறுக்கவில்லை. நீலம் எனக்கும் பிடிக்கும்.

உங்கள் அளவுகள் அழகாக இருக்கின்றன. என் மாணவர்கள் இதில் பாதி ஒழுங்காக எடுத்தால் நான் கோயில் கட்டுவேன். டயல் படித்த சம்பந்தியம்மாவுக்குத் தனியாக நன்றி சொல்லுங்கள்.

பன்னிரண்டு ஓட்டம் முடிந்தது. மலையுச்சியில் காற்றின் அழுத்தம் நம் ஊரில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். அதனால் முப்பத்தேழு குதிரைச்சக்தி வர வேண்டிய என்ஜின் அங்கே இருபத்தொன்பதோடு நிற்கிறது. சூப்பர்சார்ஜரைக் கொஞ்சம் பெரிய புல்லியில் மெதுவாகச் சுற்றவிட்டால், அது இழுத்துக்கொள்ளும் சக்தி போக முப்பத்தொன்பது கிடைக்கும். உங்கள் முதல் முயற்சியில் புல்லி சின்னது, சுற்று அதிகம், பிளக்கின் பொறியும் முந்தியே விழுந்திருக்கிறது. ஆறு டிகிரி பின்னுக்குத் தள்ளுங்கள். பெட்ரோல் முன்னாடியே தானாகப் பற்றிக்கொண்டு உள்ளே கட்டக் கட்டக்கென்று தட்டுமே, அந்தத் தட்டல் வரவே வராது. எழுதியே தருகிறேன்.

கீழே சோதிக்கும்போது காற்று நுழையும் வாயில் துளை போட்ட தகடு ஒன்று மாட்டுங்கள். அளவு தாளில் இருக்கிறது. என்ஜினுக்குத் தான் மலைமேல் இருப்பதாகத் தோன்றும்.

இப்படிக்கு,
குமாஸ்தாவின் எஜமானி


ஏப்ரல் 11

சம்பந்தியம்மா அவர்களுக்கு,

தட்டியது.

நீங்கள் சொன்ன புல்லி, நீங்கள் சொன்ன பொறி, நீங்கள் சொன்ன தகடு. தகட்டை மட்டும் ஒரு டப்பா மூடியில் துளை போட்டுச் செய்தேன், துளை அளவு சரிதான். மூவாயிரத்து இருநூறு சுற்று வரும்போது கேட்டது, தகர டப்பாவுக்குள் கோலி உருட்டின மாதிரி. நான்கே நொடியில் அணைத்துவிட்டேன். பிஸ்டன் தப்பித்தது. திரும்பவும் ஓட்டினேன். அதே இடத்தில் அதே சத்தம்.

வரவே வராது என்று எழுதிக் கொடுத்தீர்கள். எனக்கு இன்றைக்குப் பட்டறையில் கொடி ஏற்றிக் கொண்டாட்டம் போட வேண்டும். ஏனோ தெரியவில்லை, மனசு வரவில்லை. வீட்டுக்காரி, "ஜெயிச்சவரு ஏன் இப்படி வேர்த்துப் போய் உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டாள். வெயில் என்றேன்.

இன்னும் ஏழு வாரம்தான் இருக்கிறது. வேறு ஏதாவது வழி உண்டா?

இப்படிக்கு,
சம்பந்தி


ஏப்ரல் 20

சம்பந்தி அவர்களுக்கு,

எல்லாவற்றையும் திரும்பப் போட்டேன். பதினொரு ஓட்டம். பெட்ரோலின் தரத்தைக் குறைத்தேன், சூட்டை ஏற்றினேன், பொறியை முன்னும் பின்னும் நகர்த்தினேன். என் கணினியில் அந்த என்ஜின் தட்டவே இல்லை. உங்கள் பட்டறையில் தட்டுகிறது. பட்டறையில் ஓடுவதுதான் என்ஜின். ஆகவே தவறு என்னுடையது. இருபத்தாறு வருஷம் இதைப் பாடமாக நடத்தியிருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

என்னையே ஒன்று கேட்டுப் பார்த்தேன். உள்ளூர இது தோற்க வேண்டும் என்று நினைத்தேனா? அந்தத் திரைச்சீலை தைத்தபோது நினைத்தேன், பொய் சொல்ல மாட்டேன். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு அலுத்துவிட்டது. ஆனால் மலையில் உங்கள் மகள் கல்லைத் தூக்கிக்கொண்டு வண்டியின் பின்னால் ஓடியது திரும்பத் திரும்பக் கண் முன் வந்தது. அதன் பிறகு நினைக்கவில்லை. அந்தப் பெண் ஜெயிக்க வேண்டும் என்றுதான் உட்கார்ந்து வேலை செய்தேன்.

வெறும் நம்பிக்கையைக் கொடுத்துக்கொண்டே இருப்பது பாவம். இது நடக்காது, வேறு ஏற்பாடு பாருங்கள் என்று பிள்ளைகளுக்குக் கடிதம் எழுதிவிட்டேன். வரும் வெள்ளிக்கிழமை தபாலில் போடுகிறேன். அவர்கள் உங்கள் மாடிக்கு வந்தாலும் நான் வருத்தப்பட மாட்டேன்.

இப்படிக்கு,
தோற்றுப்போன சம்பந்தி


ஏப்ரல் 24

சம்பந்தியம்மா,

அந்தக் கடிதத்தைப் போடாதீர்கள். உங்கள் கணினி மேல் தப்பில்லை. உங்கள் மேலும் தப்பில்லை. திருடன் இங்கே உட்கார்ந்திருக்கிறான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு காலையில் மாப்பிள்ளை வேனை லாரியில் கட்டி இழுத்துக்கொண்டு என் பட்டறைக்கு வந்தார். ரேடியேட்டரில் தண்ணீர் இல்லை. பார்க்காமலே மலையேறியிருக்கிறார். என்ஜின் காய்ந்து, மேல் மூடி இருக்கிறதே, அந்த ஹெட், அப்பளம் மாதிரி வளைந்துவிட்டது. "மாமா, அம்மாவுக்கு மட்டும் தெரிய வேணாம். என்ஜின் பாடம் நடத்துறவங்க பையன் தண்ணி ஊத்தாம வண்டி ஓட்டினான்னு தெரிஞ்சா என் மானமே போயிடும்" என்றார். கண் கலங்கியிருந்தது. கல்யாணம் ஆகி நாலு மாசம்தான். நான் வாக்குக் கொடுத்தேன்.

வளைந்த ஹெட்டைச் சமமாக்க அடிப்பாகத்தைச் சீவி எடுத்தேன். ஒரு மில்லிமீட்டர். சீவினால் உள்ளே இடம் சுருங்கும், கம்ப்ரெஷன் ஏறும், இது எனக்குத் தெரியாததா? முதல் பிஸ்டன் போனபோதே உறைத்தது. ஆனால் உங்களிடம் 9.5 என்று எழுதினால், ஏன் ஏறியது என்று கேட்பீர்கள். அதனால் புத்தகத்தில் உள்ள 8.7-ஐ எழுதினேன். கேஜில் பார்த்த பதிமூன்றரையைப் பழக்க தோஷத்தில் கை எழுதிவிட்டது. என் கேஜ் பழசு இல்லை. நீங்கள் அதை அடித்தபோது அப்பாடா என்று இருந்தது.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவர்கள் உண்டு. ஒரு மில்லிமீட்டரை என்னால் மறைக்க முடியவில்லை. உங்கள் கடிதத்தில் "வெட்கமாக இருக்கிறது" என்ற வரியை வீட்டுக்காரி சத்தமாகப் படித்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். "வாக்கு பெருசா, அந்தம்மா மனசு பெருசா?" என்று கேட்டாள். அப்போதே பேனாவை எடுத்தேன்.

மாப்பிள்ளையைத் திட்டாதீர்கள். திட்டுவதானால் என்னைத் திட்டுங்கள். எனக்குப் பழக்கம் உண்டு.

இப்படிக்கு,
வெட்கப்பட வேண்டியவன்


ஏப்ரல் 30

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதம் நேற்று ஆய்வகத்துக்கு வந்தது. நின்றபடியே படித்துவிட்டு உரக்கச் சிரித்தேன். மாணவர்கள் பயந்துபோனார்கள். உடனே 9.5 என்று மாற்றி ஓட்டத்தைத் தொடங்கினேன். மாலை டீ வரும் நேரம் முடிவு வந்தது. மூவாயிரத்து நூற்றைம்பதாவது சுற்றில் என் கணினியும் தட்டியது! ஒரு என்ஜின் கெட்டுப்போவதைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

வெட்கத்தைப் பாதிப் பாதியாகப் பிரித்துக்கொள்வோம். நீங்கள் பொய்யான எண்ணைக் கொடுத்தீர்கள். ஆனால் உண்மையான எண்ணும் அதே தாளில்தான் இருந்தது. என் கணக்கோடு ஒத்துப்போகவில்லை என்பதற்காக நான்தான் அதை அடித்தேன். பதினொரு ஓட்டத்தில் எல்லாவற்றையும் சந்தேகப்பட்டேன், அந்தப் பதிமூன்றரையை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு மாணவன் இதைச் செய்திருந்தால் ஃபெயிலாக்கியிருப்பேன்.

மகனைத் திட்ட மாட்டேன். எனக்குத் தெரியும் என்றே காட்டிக்கொள்ள மாட்டேன். உங்கள் வாக்கு உங்களிடமே பத்திரமாக இருக்கட்டும். அவன் ஓடி வந்து நிற்க ஒரு மாமா இருந்திருக்கிறார் என்பதை நினைத்தால், கோபம் வருவதற்குப் பதிலாக வேறு ஏதோ வருகிறது.

இனி வேலை. சீவிய இடத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் வட்டியோடு. ஹெட்டுக்கு அடியில் ஒன்றரை மில்லிமீட்டர் செம்புத் தகடு வையுங்கள். விகிதம் 8.2-க்கு இறங்கும். பொறியும் புல்லியும் முன்பு சொன்னதே. ஏழு ஓட்டம் பார்த்துவிட்டேன், தட்டவில்லை. இந்த முறை எழுதித் தர மாட்டேன். ஓட்டிப் பார்த்து நீங்கள் எழுதுங்கள்.

ஒரு கெட்ட செய்தி. பிள்ளைகளுக்கு எழுதியதைச் சொன்னபடி வெள்ளிக்கிழமையே போட்டுவிட்டேன். இந்நேரம் போய்ச் சேர்ந்திருக்கும். அவர்கள் விடுதிக்காரர்களிடம் முடியாது என்று சொல்லிவிட்டால் நாம் என்ன செய்வது? நேற்று அவர்களுக்கு மூன்று முறை போன் செய்தேன். யாரும் எடுக்கவில்லை. இன்று மாலையும் செய்து பார்க்கிறேன்.

இப்படிக்கு,
அவசரக்காரி


மே 6

அன்புள்ள சம்பந்தியம்மா,

கவலையை மூட்டை கட்டி வையுங்கள். உங்கள் கடிதத்தை யாரும் படிக்கவில்லை.

நேற்று நானே மலைக்குப் போனேன். ஒரு வாரமாகப் போன் லைன் அறுந்து கிடக்கிறதாம். "உங்க அம்மா எழுதின கடுதாசி வந்துச்சா?" என்று மெதுவாகக் கேட்டேன். மாப்பிள்ளை முகம் வெளுத்துவிட்டது. கடிதம் வந்திருக்கிறது. உறையில் உங்கள் கையெழுத்து. போன் செய்யாமல் அம்மா எழுதியிருக்கிறார்கள் என்றால் தண்ணீர் விஷயம் வெளியே வந்துவிட்டது என்று பயந்து, பிரிக்காமலே சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இரண்டு நாள் திரிந்திருக்கிறார். மூன்றாம் நாள் அந்தச் சட்டை சலவைக்குப் போயிற்று. ஊரார் சட்டைப் பையையெல்லாம் தடவிப் பார்த்துத் துவைப்பவர்கள், சொந்தச் சட்டையைப் பார்க்கவில்லை. உங்கள் கடிதம் விடுதிக்காரரின் மூன்று போர்வையில் துணுக்குத் துணுக்காக ஒட்டியிருந்தது. என் மகள் ஒரு சாயங்காலம் முழுக்க உட்கார்ந்து பிய்த்தாளாம்.

"என்ன எழுதியிருந்தாங்க மாமா?" என்று கேட்டார். "நல்லாச் சாப்பிடச் சொன்னாங்க" என்றேன். இன்னும் ஒரு பொய். இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

செம்புத் தகடு வெட்டியாயிற்று. சிவக்கச் சுட்டுத் தண்ணீரில் போட்டால் வெண்ணெய் மாதிரி இளகிவிடுகிறது. நாளை ஹெட்டை மாட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் கூட்டாளி


மே 27

அன்புள்ள சம்பந்தியம்மா,

பட்டறையில் மூன்று நாள் ஓட்டினேன். தட்டவில்லை. டப்பா மூடியோடு, மூடி இல்லாமல், நண்பகல் வெயிலில், எப்படியும் தட்டவில்லை. இதற்கே உங்களுக்குத் தந்தி அடித்திருப்பேன். ஆனால் மலை ஏறாமல் எழுத மாட்டேன் என்று பிடிவாதமாக இருந்தேன்.

என்ஜினை வேனில் மாட்டி, நேற்று ஏறினோம். நாற்பது மூட்டை. இரண்டு மூட்டை கூடுதலாக நானே போட்டேன், உங்கள் கணக்கையும் என் கையையும் சோதிக்க. மாப்பிள்ளை ஓட்டினார். புறப்படும் முன் ரேடியேட்டரைத் திறந்து மூன்று முறை தண்ணீர் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். நடுவில் நான், கதவோரம் என் மகள், அவள் மடியில் அந்தக் கல்.

அடிவாரத்திலிருந்தே சூப்பர்சார்ஜர் மெல்லிசாக விசில் அடித்தது. எட்டாவது வளைவு. பத்தாவது வளைவு. என் காது முழுக்க என்ஜினுக்குள் இருந்தது. அந்தக் கோலிச் சத்தம் வரவில்லை. கடைசிக்கு முந்தின வளைவு வந்தது. அங்கேதான் எப்போதும் வண்டி திணறும். மாப்பிள்ளை கியரை இறக்கினார். அவ்வளவுதான், என் மகளுக்குப் பழக்கம், கதவைத் திறந்து கல்லோடு குதித்துவிட்டாள்.

வண்டி நிற்கவில்லை. போய்க்கொண்டே இருந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், என் மகள் ரோட்டின் நடுவில் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நிற்கிறாள். அடுத்த வளைவும் திரும்பிவிட்டோம். "நிறுத்தட்டுமா மாமா?" என்று மாப்பிள்ளை கேட்டார். "நிறுத்தாதீங்க, விடுங்க" என்று கத்தினேன். மேலே விடுதி வாசலில் போய்த்தான் நின்றோம். பதினைந்து நிமிஷம் கழித்து நடந்தே வந்து சேர்ந்தாள். "பொண்டாட்டிய ரோட்டுல விட்டுட்டு வர்றதுக்கா இவ்ளோ செலவு பண்ணி என்ஜின் செஞ்சீங்க?" என்று கேட்டுவிட்டு, வேனின் முன்பக்கத்தைக் கட்டிக்கொண்டு அழுதாள். சூடு பட்டு முழங்கை சிவந்துவிட்டது. அதற்கும் சிரித்தாள்.

விடுதிக்காரர்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். ஒன்றாம் தேதியிலிருந்து தினமும் என்று பேசி முடித்தாயிற்று.

பிள்ளைகள் இனி இறங்க மாட்டார்கள், சம்பந்தியம்மா. என் மாடி அறையும் காலி, உங்கள் நீலத் திரைச்சீலை அறையும் காலி. நாமே பாடுபட்டு நம் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டோம். ராத்திரி வீட்டுக்காரியிடம் இதைச் சொன்னேன். "அப்புறம் ஏன் பல்லு தெரியச் சிரிக்கிறீங்க?" என்றாள்.

இப்படிக்கு,
வண்டியை நிறுத்தாதவன்


ஜூன் 4

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் கடிதத்தை ஐந்து முறை படித்தேன். மருமகள் ரோட்டில் நிற்கும் இடத்தை ஏழு முறை.

என் அறையைக் காலியாக விடுவதாக இல்லை. அடுத்த மாதம் கல்லூரி விடுமுறை. நீங்களும் சம்பந்தியம்மாவும் வந்து ஒரு வாரம் தங்க வேண்டும். கணினியை உங்களுக்குக் காட்டுகிறேன். அந்தப் பதிமூன்றரை கேஜைக் கையோடு கொண்டு வாருங்கள். என் மாணவர்களுக்கு அதைக் காட்டி ஒரு பாடம் நடத்த வேண்டியிருக்கிறது.

இப்போது ஒரு அவசர யோசனை தேவை. இன்று காலை மகனிடமிருந்து ஆறு பக்கக் கடிதம் வந்தது. "அம்மா, ரெண்டு வருஷமா உங்ககிட்ட ஒண்ணு மறைச்சிட்டேன்" என்று ஆரம்பிக்கிறது. ரேடியேட்டர், லாரி, வளைந்த ஹெட், ஒன்றையும் விடவில்லை. மாமா மேல் தப்பே இல்லை, நான்தான் சத்தியம் வாங்கினேன் என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறான். வேன் ஏறிய அன்றே எழுதிவிட்டு, தபாலில் போட ஒரு வாரம் தைரியம் வரவில்லையாம்.

எதுவும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ள மாட்டேன் என்று உங்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன் அல்லவா? ஆகவே இப்போது திடுக்கிட்டு, கோபப்பட்டு, ஒரு பதில் எழுத வேண்டும். காலையிலிருந்து நான்கு தாள் கிழித்துவிட்டேன். முதல் வரியிலேயே சிரிப்பு வந்துவிடுகிறது. நம் குடும்பத்தில் மறைப்பதில் அனுபவம் உள்ளவர் நீங்கள் ஒருவர்தான். எப்படி ஆரம்பிப்பது என்று உடனே எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒன்றும் தெரியாதவள்